தொட்டிலைப் பார்த்தோம், தாயைப் பார்த்தோமா?

பசுவந்தனையிலே கூட்டம் முடிந்தபோது இரவு மணி பத்தரை. ஒலிபெருக்கிக்காரர் கம்பத்திலிருந்து குழாயை இறக்கிக்கொண்டிருந்தார். கோவில்பட்டிக்குப் போக அந்நேரத்தில் பேருந்து இல்லை. "நம்ம வீட்டிலே படுத்துட்டுக் காலையிலே போகலாம், அண்ணே" என்றார் கிளைச் செயலாளராக இருக்கும் தோழர். போனோம். சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும் காத்திருந்தன. பரிமாறியவர் தோழரின் தாயார். பரிமாறியதும் விலகிப்போய் வாசற்படிக்கு வெளியே, காற்று வீசும் பக்கமாக நின்றுகொண்டார்.

"உட்காருங்கள் அம்மா" என்றேன். "இருக்கட்டும் யய்யா" என்றார். உட்காரவில்லை.

"எங்க ஆத்தா அப்படித்தான் அண்ணே" என்று தோழர் சிரித்தார். "கல்யாணம், காதுகுத்து, சடங்கு எதுக்கும் வராது. பஸ் ஏறாது. கோவில்பட்டியைப் பார்த்தே பல வருசமாச்சு. ஒரே பிடிவாதம்!"

நானும் சிரித்தேன். சாப்பிட்டேன். படுத்துறங்கினேன். காலையிலே புறப்பட்டுவிட்டேன்.

நாலைந்து மாதம் கழித்து அதே தோழர் என்னைத் தேடி வந்தார். முகத்தில் சிரிப்பில்லை. "அது பிடிவாதம் இல்லை அண்ணே" என்றார். அவருடைய மனைவி, மாமியாரின் துணிகளைத் துவைக்க எடுத்த ஒரு நாளில் கண்டுபிடித்துக் கேட்டிருக்கிறார். அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார் அந்தத் தாய். தலைப்பிரசவத்திலே மூன்று இரவு வலி. குழந்தை பிழைத்தது. தாயும் பிழைத்தாள். ஆனால் அன்றே அடி இறங்கிவிட்டது. குனிந்தால் இறங்கும், தும்மினால் நனையும், பேருந்து குலுங்கினால் தாங்காது. பழைய சேலையைக் கிழித்து மடித்துக் கட்டிக்கொண்டே காலம் தள்ளியிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்தால் வாடை தெரிந்துவிடுமோ என்று நின்றுகொண்டே வாழ்ந்திருக்கிறார்.

அந்தத் தலைப்பிள்ளை யார்? என் எதிரிலே நின்ற தோழர்தான். அவருக்கு இப்போது வயது முப்பத்தாறு. அந்தக் காயத்துக்கும் வயது முப்பத்தாறு!

தோழர்களே! 'தாய்க்குலமே' என்று விளிக்காமல் நான் மேடையேறிய நாள் உண்டா? அந்தத் தாய்க்குலத்தில் ஒருத்தி எனக்குச் சோறு போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தாள். ஏன் நிற்கிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. அந்த வெட்கம் என்னை எழுத வைக்கிறது. இது பெண்கள் விஷயம், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர். புரட்டினால் உமது வீட்டிலும் ஒருத்தி நின்றுகொண்டே இருக்கக்கூடும்.

'அடி இறங்கிட்டு' என்று நம் பக்கத்துப் பெண்கள் சொல்வதையே மருத்துவர்கள் கருப்பை இறக்கம் என்கிறார்கள். சாபமல்ல, சூனியமல்ல, முன்வினையுமல்ல. கருப்பை என்பது இடுப்பெலும்புக் கூட்டுக்குள்ளே, தசையும் நாரும் சேர்ந்து பின்னிய ஒரு தூளியிலே தங்கியிருப்பது. மூத்திரப் பையும் மலக்குடலும் அதே தூளியின் அண்டை வீட்டார். பிள்ளை பிறக்கும்போது அந்தத் தூளி இழுபடுகிறது. சில இடங்களில் நூலும் விடுகிறது. வலி நாட்கணக்கில் நீண்டாலும், கருப்பையின் வாய் முழுதும் திறப்பதற்கு முன்பே 'முக்கு, முக்கு' என்று விரட்டினாலும், வயிற்றை மேலிருந்து அழுத்தினாலும் சேதம் அதிகம். அந்தக் காலத்து மருத்துவச்சியைப் பழிக்க நான் இதை எழுதவில்லை. நடுச்சாமத்தில் கதவைத் தட்டினால் அரிக்கேன் விளக்கோடு ஓடி வந்தவள் அவள் ஒருத்திதான். அவளும் ஏழை, அவளுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் வரவில்லை.

இழுபட்ட தூளி ஓய்வு கிடைத்தால் பலருக்கு மெல்ல மெல்ல இறுகும். இறுகுவதற்குள் சுமையேற்றினால்? இங்கேதான் நம் கரிசல் காட்டைப் பார்க்க வேண்டும். மழையை நம்பிய மண். பெய்தால் ஒரேயடியாகக் களை. உளுந்திலும் பாசியிலும் மக்காச்சோளத்திலும் குனிந்த தலை நிமிராமல் களை எடுக்க வேண்டும். பெய்யாவிட்டால் தண்ணீருக்கு நடை. இடுப்பிலே ஒரு குடம், தலையிலே ஒரு குடம். வேலிக்கருவை வெட்டி விறகுக்கட்டு. பருத்தி வெடித்தால் மடி நிறையப் பஞ்சு. காட்டில் வேலையில்லையா, தீப்பெட்டி ஆபீஸ் இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு எத்தனை நாள் ஓய்வு? வசதியுள்ள வீட்டிலே மூன்று மாதம், ஐந்து மாதம் தாய்வீடு. கூலிக்காரியின் வீட்டிலே? தாயும் கூலிக்காரி, மகளும் கூலிக்காரி! தீட்டு கழிந்த மறுநாள் தண்ணீர்க்குடம் இடுப்புக்கு வந்துவிடுகிறது. தீட்டுக்கு நாள் குறித்தார்கள் நம் பெரியோர். சதை ஆறுவதற்கு நாள் குறித்தார்களா?

சட்டம் இல்லையா என்று கேட்பீர். இருக்கிறது. 1961ஆம் ஆண்டிலேயே மகப்பேறு நலச் சட்டம் வந்தது. 2017இல் அதைத் திருத்தி, ஊதியத்தோடு 26 வாரம் விடுப்பு என்றார்கள். தமிழக அரசின் பெண் ஊழியருக்கு 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாதம். நல்லதே. பொறாமையால் சொல்லவில்லை, அந்தத் தாய்க்கு அது தேவை. ஆனால் களைவெட்டிக்கு யார் விடுப்பு கொடுப்பது? அவளுக்கு வருகைப் பதிவேடு ஏது? வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுகிறவளுக்கு முதலாளி யாரென்றே சட்டத்துக்குத் தெரியாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் மாநிலம் தரும் மகப்பேறு உதவித்தொகை 2018இல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. ஏழைத் தாயின் கையில் அது சிறு தொகையல்ல. ஆனால் அந்தப் பணம் ஓய்வாக மாறுகிறதா, கந்துக்காரன் வட்டியாக மாறுகிறதா? அதைக் கணவன்மாரைத்தான் கேட்க வேண்டும்!

இதையெல்லாம் நானாகக் கற்பனை செய்து எழுதுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். நம் தமிழகத்திலேயே, செங்கல்பட்டு வட்டாரத்திலே, 1981இல் ஓர் அமைப்பு தோன்றியது. கிராமத்து ஆதிதிராவிடப் பெண்கள் பன்னிருவரும் டி.கே. சுந்தரி ரவீந்திரன் என்ற ஆய்வாளரும் சேர்ந்து தொடங்கிய கிராமப்புறப் பெண்களின் சமூகக் கல்வி மையம் அது. சுருக்கமாக ருவ்செக் என்பார்கள். அவர்கள் அடி இறங்கிய பெண்களிடமே போய் உட்கார்ந்து, அவர்கள் வாயாலேயே கதையைக் கேட்டு எழுதினார்கள். 1999இல் அது வெளிநாட்டு நூலொன்றிலும் அச்சேறியது. வருடக்கணக்கில் தாங்கிக்கொண்டது, பிரசவமான கையோடு கடும் வேலைக்குத் திரும்பியது, கணவனிடம் சொல்ல அஞ்சியது, மருத்துவமனைக்குப் போக வழியில்லாதது — இவைதான் அந்தக் கதைகள். பசுவந்தனைத் தாயின் கதையும் அதுதானே! ஊர் மட்டும் வேறு.

இன்னொன்று கேளுங்கள். மகாராட்டிரத்தில் கட்சிரோலி என்ற காட்டு மாவட்டம். அங்கே ராணி பங் என்ற பெண் மருத்துவர், கணவர் அபய் பங்கோடு சேர்ந்து இரண்டு கிராமங்களில் 650 பெண்களைச் சோதித்தார். 1989இல் இலண்டன் மருத்துவ இதழான லான்செட்டில் வெளிவந்தது அந்தக் கணக்கு. நூற்றுக்கு 92 பேருக்குப் பெண்நோய் ஏதேனும் ஒன்று இருந்தது. அதற்கு முன்பு ஒரு முறையாவது அதற்காகச் சோதித்துக்கொண்டவர்கள் நூற்றுக்கு எட்டே பேர்! மாட்டுக்கு நோய் வந்தால் கால்நடை மருத்துவமனைக்கு ஓட்டிப்போகிற நாட்டிலே, மனைவிக்கு வந்தால் 'வெந்நீர் வச்சுக் குளி' என்கிறோம்.

அடி இறக்கத்தைவிடக் கொடிய காயம் ஒன்று உண்டு. பிள்ளையின் தலை இடுப்பெலும்பிலே சிக்கி, இரண்டு நாள், மூன்று நாள் நகராமல் நின்றுவிட்டால், நடுவே அகப்பட்ட மூத்திரப் பையின் சதைக்கு இரத்தம் ஓடாது. சதை செத்துப்போகும். சில நாளில் அது கழன்று ஓட்டை விழும். பிறகு இரவும் பகலும் ஒழுகும். பிள்ளை பெரும்பாலும் இறந்தே பிறக்கும். பிள்ளையையும் இழந்து, புருஷன் வீட்டையும் இழந்து, மூலையிலே ஒதுக்கப்படுவாள் அந்தப் பெண்.

இதைத் தைத்து மூடலாம் என்று உலகுக்குக் காட்டியவர் என்று அமெரிக்காவிலே மேரியன் சிம்ஸ் என்ற டாக்டரைப் புகழ்ந்தார்கள். நியூயார்க்கில் சிலையும் வைத்தார்கள். சிலையின் அடியிலே புதைந்திருந்த கதை என்ன தெரியுமா? 1840களில், அலபாமா மாநிலத்தில், கறுப்பின அடிமைப் பெண்களை வைத்துக்கொண்டு அவர் தையல் பழகினார். அனார்க்கா, லூசி, பெட்சி என்று மூன்று பேரின் பெயர்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. மயக்க மருந்து கொடுக்கவில்லை. அனார்க்காவை மட்டும் முப்பது முறை அறுத்தார். முப்பது முறை! அடிமையிடம் சம்மதம் கேட்பார் யார்? 2018 ஏப்ரலில் அந்தச் சிலையை மத்தியப் பூங்காவிலிருந்து அகற்றினார்கள். சிலை போயிற்று, தையல் நின்றது. இன்று உலகில் எந்தத் தாயின் ஓட்டை மூடப்பட்டாலும், அதற்கு அந்த அடிமைப் பெண்களின் கதறலே முதல் விலை.

அதே தையலைக் கருணையோடு செய்தவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த காதரின் ஹாம்லின் அம்மையாரும் அவர் கணவர் ரெஜினால்டும் 1959இல் எத்தியோப்பியா போனார்கள். ஒப்பந்தம் சில ஆண்டுகளுக்குத்தான். அவர்கள் திரும்பவேயில்லை. 1974இல் அடிஸ் அபாபாவில் இந்தக் காயத்துக்கென்றே தனி மருத்துவமனை கட்டினார்கள். குணமாகிப் போகும் ஒவ்வொரு பெண்ணுக்கும் புதுத்துணி உடுத்தி அனுப்புவது அங்கே வழக்கம். ஆண்டுக்கணக்கில் நனைந்த துணியோடு இருந்தவளுக்குப் புதுத்துணி என்றால் என்ன அர்த்தம் என்பதை எண்ணிப் பாருங்கள். அங்கே சிகிச்சைக்கு வந்த மாமித்து கஷே என்ற பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. குணமானபின் அங்கேயே தங்கிப் படுக்கை விரித்தார். அறுவை அறையிலே கைக்கருவி எடுத்துக் கொடுத்தார். பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். கடைசியில் அவரே அறுவை செய்பவரானார், டாக்டர்களுக்கே சொல்லிக்கொடுத்தார்! பட்டம் இல்லாதவர் கையிலே திறம் இராது என்று சொல்வோர் இவரைப் பார்க்கட்டும். ஹாம்லின் அம்மையார் 2020இல் தம் 96ஆவது வயதில் மறைந்தார்.

தமிழ்நாட்டிலே அந்த ஓட்டைக் காயம் அரிதாகிவிட்டது. காரணம், பிரசவம் மருத்துவமனைக்கு வந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவமனையில். 2008இலிருந்து 108 வண்டி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவும் பகலும் நர்சம்மாக்கள். இலட்சம் பிள்ளைப்பேறுக்கு இறக்கும் தாய்மார், 2018-20 கணக்கில், இந்தியாவில் 97. நம் மாநிலத்தில் 54. இந்தச் சாதனையைக் குறைத்துப் பேச நான் வரவில்லை; மேடைதோறும் சொல்லிப் பெருமைப்பட்டவன் நான்.

ஆனால் கவனித்தீர்களா? செத்தவர்களை எண்ணுகிறோம். பிழைத்தவர்கள் எந்த நிலையில் பிழைத்தார்கள் என்று எண்ணுகிறோமா? பிள்ளைக்கு எடை பார்க்கிறோம், தடுப்பூசி அட்டை போடுகிறோம், தொட்டிலைச் சுற்றிச் சொந்தபந்தம் கூடுகிறது. தாயிடம் வந்து, "தும்மினால் நனைகிறதா? கீழே ஏதேனும் இறங்குவது போல இருக்கிறதா?" என்று கேட்டவர் யார்? 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்கை எடுத்துச் சொன்னது: பிரசவத்தால் நெடுங்காலத் தொல்லைக்கு ஆளாகும் பெண்கள் உலகில் ஆண்டுக்குக் குறைந்தது 4 கோடி! நான்கு கோடி பேரின் தொல்லை. நாலு பேர் கூடிப் பேசிய துண்டா?

நேபாளம் நம்மைவிட ஏழை நாடு. மலைநாட்டுப் பெண்களுக்கு முதுகிலே கூடைச்சுமை. அடி இறக்கம் அங்கே ஊர்தோறும். வழக்குப் போட்டார்கள். 2008 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இந்த நோயைக் கவனிக்காமல் விடுவது பெண்ணின் உரிமையை மறுப்பது என்று தீர்ப்பளித்தது. அரசு இலவச அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தது. உரிமை! விதி என்ற சொல்லை எடுத்துவிட்டு, உரிமை என்ற சொல்லை அந்த இடத்திலே வைத்தார்கள்.

சரி, வைத்தியம் என்ன? எல்லாருக்கும் கத்தி வேண்டாம். லேசான இறக்கமென்றால் பயிற்சி போதும்: மூத்திரத்தை அடக்குவது போல அடித்தசையை இறுக்கி, சில நொடி பிடித்து, தளர்த்துவது. 1948இலே கீகல் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதி வைத்தது. காசு செலவில்லை, களைவெட்டிலும் செய்யலாம், கட்டை அடுக்கும்போதும் செய்யலாம், ஆனால் மாதக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். அதற்கடுத்தது உள்ளே பொருத்தும் வளையம். ரிங் என்பார்கள். வயதானவர்களுக்கும், அறுவை தாங்காதவர்களுக்கும் அது பெரிய உதவி. முற்றியதற்குத்தான் அறுவை. இளம்பெண்ணென்றால் கருப்பையை எடுக்காமலே தூக்கிக் கட்டும் முறைகள் உண்டு. அவற்றைக் கண்டவர்கள் யார்? சீமைக்காரர்கள் அல்லர், பம்பாயின் டாக்டர் சிரோத்கரும் டாக்டர் புரந்தரேயும். இந்நாட்டுப் பெண்களுக்கு இளவயதிலேயே இறங்குவதைக் கண்டு, இந்நாட்டு மருத்துவர்கள் செய்த வேலை அது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வயிற்றுவலி என்று போனாலே 'கருப்பையை எடுத்துவிடு' என்று சொல்லும் வியாபாரிகளும் உண்டு. மகாராட்டிரத்தின் பீட் மாவட்டத்திலே கரும்பு வெட்டப் போகும் பெண்களில் 13,000 பேருக்கு மேல் கருப்பை எடுக்கப்பட்டிருந்ததை 2019இல் அரசுக் குழுவே கண்டது. மாதவிலக்கு வந்தால் கூலி போகுமே என்று கருப்பையையே பறிகொடுத்த கூலிகள்! ஆகவே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கோவில்பட்டி இருக்கிறது, தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி இருக்கிறது, திருநெல்வேலியில் 1965 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி என்பார்களே, அதுதான். கட்டணம் கிடையாது. ஒரு நாள் கூலி போகும், பேருந்துச் செலவு ஆகும். அவ்வளவுதான். கிராம சுகாதார நர்சம்மா வீட்டுக்கு வரும்போது நாம் ஆண்கள் கொஞ்ச நேரம் டீக்கடைக்குப் போய்விட்டால் போதும், பெண்கள் பேசிக்கொள்வார்கள்.

கிளைக் கூட்டங்களில் நான் ஒரு வேண்டுகோள் வைத்து வருகிறேன். சாலை கேட்டு மனுக் கொடுக்கிறோம், குடிநீர் கேட்டு மனுக் கொடுக்கிறோம். பிரசவமான ஆறாவது வாரத்தில் தாயையும் சோதித்து அட்டையில் எழுது, பிள்ளைக்கு அட்டை இருப்பது போல் தாய்க்கும் ஓர் அட்டை கொடு என்றும் கேட்போம். ஒன்றியத்துக்கு ஒரு பெண் மருத்துவர், மாதம் ஒரு நாள், இதற்கென்றே உட்காரட்டும். முதலில் சில தோழர்கள் தலைகுனிந்து நெளிந்தார்கள். ஒருவர் எழுந்து, "மேடையிலே பேசுற விஷயமா இது?" என்று கேட்டார். அவர் கேட்டு முடிக்குமுன் பின்வரிசையில் ஒரு பெண், "பேசுங்கய்யா" என்றார். முகம் தெரியவில்லை, முக்காடு போட்டிருந்தார்.

பசுவந்தனைத் தாயைச் சொல்லாமல் விட்டால் கேட்பீர்கள். வாடகைக் கார் பிடித்துத்தான் அழைத்துப் போனார்கள்; பேருந்துக்கு ஒப்பவில்லை அவர். மருத்துவமனையில், வயதுக்கு மகளாக இருக்கக்கூடிய ஒரு பெண் டாக்டர், "இத்தனை வருஷம் ஏம்மா வரலை?" என்று கேட்டாராம். "ஆம்பளைப் பிள்ளைகிட்டே எப்படித் தாயி சொல்லுவேன்?" என்றாராம் இவர். இரத்தம் குறைவு, அதற்கு மருந்து கொடுத்து, காத்திருந்து, பிறகு அறுவை நடந்தது. பத்து நாளில் வீடு. மூன்று மாதத்துக்குக் குனிந்து தூக்கும் வேலை எதுவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மருமகளோ ஏழு மாதக் கர்ப்பிணி.

அப்புறம் தண்ணீர் யார் எடுப்பது? நம் கிளைச் செயலாளர்தான்! விடியற்காலையில் குழாயடியிலே பெண்கள் வரிசையில் இவரும் இரண்டு குடத்தோடு நிற்கிறார். முதல் நாள் ஊரே சிரித்திருக்கிறது. "என்ன தலைவரே, அடுத்த தேர்தலுக்கு இதுதான் சின்னமா?" என்று கேட்டிருக்கிறார்கள். சென்ற வாரம் போயிருந்தபோது நானும் பார்த்தேன். இடுப்பிலே வைக்கத் தெரியாமல் தோளிலே தூக்கி வைத்துச் சட்டையெல்லாம் நனைந்து வந்துகொண்டிருந்தார். திண்ணையில் கால்நீட்டி உட்கார்ந்திருந்த தாயார், "ஏலே, குடத்தைச் சாய்ச்சுப் பிடிக்காதே, பாதி ரோட்டுக்குத்தான் போகுது" என்று அங்கிருந்தே அதட்டினார்.